பத்திரமாக வைத்த வாட்ச்

"உங்ககிட்டதானே குடுத்தேன்? பத்திரமா வைங்கன்னு சொல்லித்தானே குடுத்தேன்?"

பேராசிரியர் செய்தித்தாளை மடித்தார். அவர் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்தார் என்றால் அதைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான்.

"எதை?"

"எங்கப்பாவோடதை. தம்பி சாயங்காலம் வர்றான். அப்பா ஞாபகமா உன்கிட்ட ஒண்ணு இருக்குமே, எடுத்து வை அக்கான்னு போன்ல சொன்னான்."

"என்னது, வாட்சா?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "வாட்ச்தான். வேற என்ன?"

அப்பா போன பிறகு வந்த மனத்தாங்கலில், தம்பி இந்த வாசலை மிதித்தே பல வருஷமாகிறது. இப்போது அவனாகவே இறங்கி வருகிறான்.

"அதையும் தொலைச்சுட்டேன்னு தெரிஞ்சா இந்த ஜென்மத்துல என்கூடப் பேசமாட்டான். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்." அவள் குரல் உடைந்தது.

"பயப்படாதே. ஞாபகம்தானே என் தொழிலே."

உண்மைதான். மனித நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கல்லூரியில் அவர் நடத்தும் பாடம். நினைவு ஒரு கிடங்கு, வைத்தது வைத்தபடி இருக்கும் என்று முதல் பருவத்தில் சொல்லுவார். கிடங்காவது ஒன்றாவது, ஒவ்வொரு தடவையும் மனசு புதிதாகச் சமைத்துப் பரிமாறுவதுதான் நினைவு என்று அடுத்த பருவத்தில் சொல்லுவார். இரண்டிலும் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை வாட்டுவார்.

"எந்தச் சூழ்நிலையில ஒண்ணு மனசுல பதிஞ்சுதோ, அதே சூழ்நிலைக்குத் திரும்பிப் போனா தானா ஞாபகம் வரும். அன்னிக்கு என்ன நடந்துது?"

"நல்ல மழை. தொப்பலா நனைஞ்சு வந்தீங்க."

பேராசிரியர் குளியலறைக்குப் போனார். சட்டை, கால்சட்டை, செருப்போடு ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாசல் வழியாக மறுபடி வீட்டுக்குள் நுழைந்தார். கூடமெல்லாம் வெள்ளம்.

"வருது... வருது..."

"ஞாபகமா?"

முதலில் வந்தது தும்மல். பிறகுதான் ஞாபகம் வந்தது. "நீலப் பெட்டி! மேசை மேல வெச்சேன்!"

"ஆமாங்க, நீலம்தான்! நீங்க சொன்னதும் எனக்கும் கண்ணு முன்னாடி நிக்குது."

மேசையில் வாட்ச் இல்லை. திருத்தாத விடைத்தாள்கள் இருந்தன. அவர் குனிந்து தேடியதில் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி, ஒரு வகுப்பே எழுதிய நினைவுக் கோட்பாடுகள் மசியாகக் கரைந்து ஓடின. அதற்கு அழக்கூட நேரமில்லை.

"மேசை மேல இருக்கற பழைய பேப்பரையெல்லாம் சமையல்காரம்மாதானே எடுத்துப் போடுவாங்க?" என்றாள் மனைவி.

சமையல்காரம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"பழைய பேப்பரை எடுத்தப்போ அந்த நீலப் பெட்டி மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

"பெட்டியா? நான் பாக்கலைங்க ஐயா."

"பதறாம யோசிங்க. சின்னப் பெட்டி."

"பாத்த மாதிரிதான் இருக்கு."

"மூடி திறந்திருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு... ஐயோ! பேப்பரோட பேப்பரா நானேதான் கடையில போட்டுட்டேன் ஐயா! கண்ணுல தெரியுதே! இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த வீட்ல வேலை செய்வேன்!"

அவர் அழுதுகொண்டே பழைய பேப்பர் கடைக்கு ஓடினார்.

பேராசிரியர் ஈரத்தோடு நாற்காலியில் சரிந்தார். கேள்விக்குள் பதிலை வைத்துக் கேட்காதீர்கள், நடக்காததும் நினைவில் முளைத்துவிடும் என்று தொண்டை வறளக் கத்துவது அவர்தான். தெரிந்தே கேட்டுவிட்டார். சரி, அந்த நீலப் பெட்டியாவது நிஜமா? தண்ணீர் ஊற்றியதால் வந்ததா, தும்மியதால் வந்ததா? இத்தனை வருஷம் படித்தும், தன் தலைக்குள் இருப்பதில் எது நடந்தது, எது தானே ஒட்டவைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. சமையல்காரம்மா.

"ஐயா, கடைக்காரருக்கு நல்லா ஞாபகம் இருக்காம்! நீலப் பெட்டிதானாம். யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். அந்த ஆளு கண்ணாடி போட்டிருந்தாராம். நான் இனிமே வேலைக்கு வரலைங்க ஐயா, மன்னிச்சுக்கோங்க."

மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா தினம் காலையில ஜன்னல்கிட்ட நின்னு அதுக்குச் சாவி குடுப்பாரு. என்னைத் தூக்கி, அதை என் காதுல வெச்சுக் காட்டுவாரு. இன்னும் அந்த டிக் டிக் கேக்குதுங்க. அவர் முகம்கூட மங்கிப்போச்சு, அந்தச் சத்தம் மட்டும்தான் மிச்சம்."

அவள் சொல்லச் சொல்லப் பேராசிரியருக்கும் மாமனார் ஜன்னலோரம் நிற்பது தெரிந்தது.

வாசல் மணி அடித்தது. தம்பி கையில் பழப்பையோடு நின்றான். வெள்ளத்தையும், நனைந்த மாமாவையும், தரையில் கிடந்த அக்காவையும் பார்த்து மிரண்டான்.

"என்னாச்சுக்கா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஜன்னல், சாவி, டிக் டிக், நீலப் பெட்டி, பேப்பர் கடை. "எல்லாத் தப்பும் என்னுதுதான்பா" என்று பேராசிரியரும் தும்மலுக்கு நடுவே சேர்ந்துகொண்டார். "எதுக்குக் கோபப்பட்டாலும் படுடா. அப்பாவோட வாட்சை நாங்க காப்பாத்தலை" என்று அவள் விம்மினாள்.

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை.

"அப்பா எப்பக்கா வாட்ச் கட்டினாரு? கடைசி வரைக்கும் எதுத்தாப்ல வர்றவங்களைத்தானே மணி கேட்டுக்கிட்டிருந்தாரு!"