குச்சி வென்ற பந்தயம்

இனி என் வாய்க்குள் பிரஷ் நுழையாது என்று நான் பிரகடனம் செய்தபோது, என் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சரித்திரப் புகழ் பெறவேண்டிய ஓர் அறிவிப்பைக் கேட்பவர் கையில் தலையணை உறை இருக்கக் கூடாது. இருந்தது.

"சரி. வேற என்ன நுழையும்?" என்றாள்.

"குச்சி."

"என்ன குச்சி?"

"வேப்பங்குச்சி. தந்தகாட்டம்னு பழைய அகராதியில பேரே இருக்கு. பிளாஸ்டிக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி மனுஷனுக்குப் பல்லே இல்லையா? எதை வெச்சுத் தேய்ச்சான்?"

"பேரு பெருசாத்தான் இருக்கு. பல் டாக்டர்கிட்ட போகாம இருக்க இது புது வழியா?"

இவளிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்தாலும், நேரே கடைசி வரிக்குப் போய் விடை சரியா என்று பார்ப்பாள்.

விஷயம் இதுதான். கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று கொஞ்ச நாளாக என்னோடு ஒத்துழைக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். சூடு பட்டால் குத்தும். எதுவும் படாவிட்டால், ஏன் எதுவும் படவில்லை என்று வலிக்கும். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள் அவள். "நாளைக்கு" என்பேன் நான். பயமெல்லாம் இல்லை. ஒரு மனிதனை மல்லாக்கப் படுக்கவைத்து, வாயைப் பிளக்கச் சொல்லி, அதற்குள் நாலைந்து கருவிகளை வைத்துவிட்டு, "சார் எங்க வேலை பாக்கறீங்க?" என்று விசாரிக்கும் தொழிலை நான் கொள்கையளவில் எதிர்க்கிறேன். அவ்வளவுதான்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் உத்தியோகம். ஒற்று மிகுமா மிகாதா என்று நான் சொன்னால் அந்தக் கட்டடத்தில் மறுபேச்சு கிடையாது. வீட்டில் மட்டும்தான் நான் மிகுந்தாலும் மிகாவிட்டாலும் ஒன்று. அப்படிப்பட்ட என் மேஜைக்குப் பல் பராமரிப்பு பற்றிய ஒரு சிறுநூல் வந்தது. பழைய குச்சியையும் புதிய பிரஷ்ஷையும் ஒப்பிட்டு, குச்சியை முறையாகப் பயன்படுத்தினால் அதுவும் லேசுப்பட்டதல்ல என்று ஒரு பத்தி. 'முறையாக' என்ற சொல்லை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். பிழை இல்லாத சொற்களில் நான் நிற்பதில்லை.

"பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றேன்.

"என்ன பந்தயம்?"

"ஒரு மாசம். நான் குச்சி, நீ பிரஷ். யாரு பல்லு சுத்தமா இருக்குன்னு கடைசியில பாப்போம். குச்சி ஜெயிச்சா நான் பல் டாக்டர் வாசப்படியைக்கூட மிதிக்க மாட்டேன். நீ அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"பிரஷ் ஜெயிச்சா?"

"நீ சொல்ற நாள்ல, நீ சொல்ற நாற்காலியில படுக்கறேன்."

அவள் தலையணை உறையை நான்காக மடித்தாள். "சரி," என்றாள். இத்தனை சீக்கிரம் அவள் சம்மதித்த விஷயம் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இது ஒன்றுதான். நான் உஷாராகியிருக்க வேண்டும். மகிழ்ச்சியடைந்தேன்.

அச்சகத்தின் பின்புறம், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதில் குச்சி ஒடிப்பது பார்ப்பதற்கு எளிது. கிளை எட்டினால் குச்சி தடிமன். குச்சி மெல்லிசென்றால் கிளை எட்டாது. முதல் நாள் முதலாளியின் கார் பம்பர்மேல் ஏறி நின்றேன். காவலாளி ஓடிவந்தார்.

"சார், என்ன சார் பண்றீங்க?"

"பல் தேய்க்கறேன்."

"கார் மேலயா?"

மறுநாள் காலை பால்கனியில் என் விரதம் ஆரம்பமானது. நுனியை மென்று மென்று நாரைப் பிரிக்க வேண்டும். பிரிவதற்குள் தாடை பிரிந்துவிடும் போலிருந்தது. கசப்பு நாக்கிலிருந்து காது வரைக்கும் ஏறியது. எதிர்வீட்டுத் தையல்காரர் தன் பால்கனியிலிருந்து ஒரு கண்ணை மூடி என்னைப் பார்த்தார். அவர் எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பார். இடுப்பளவு எடுக்கிற பார்வை.

"என்ன சார், வீட்டுல டிபன் கிடைக்கலையா?"

"உம்ம்."

"மரத்தை எல்லாம் கடிக்கிறீங்க?"

குச்சியை வெளியே எடுத்தேன். "பற்பசை ஒரு மாயை அய்யா. இது இயற்கை."

"வேட்டியில ஒழுகுது சார் உங்க இயற்கை."

பிரஷ்ஷில் இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம் இதில் அரைமணி நேரம் பிடித்தது. தினமும் அச்சகத்துக்குத் தாமதம். 'முன்பற்கள் வெண்மையாகின்றன' என்று கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே வெண்மையாகிக்கொண்டிருந்தன. நான் தேய்த்தது அவற்றைத்தானே. கடைவாய்ப்பக்கம் குச்சியைத் திருப்பினால் கன்னம் குச்சியைத் தடுத்தது. குச்சி கன்னத்தைக் குத்தியது. அந்த இடத்தை அவை இரண்டுக்கும் பொதுவில் விட்டுவிட்டேன்.

மாதம் முடியப்போகிற சமயத்தில்தான் ஒரு கேள்வி எழுந்தது. தீர்ப்புச் சொல்வது யார்?

"கண்ணாடியில நானே பாத்துச் சொல்லிடறேன்," என்றேன்.

"பரிட்சை எழுதினவரே பேப்பர் திருத்துவாரா?"

"அப்ப நீ பாரு."

"நானும்தானே எழுதியிருக்கேன்? எதிர்வீட்டு டெய்லரை வேணா கூப்பிடட்டுமா?"

"அவருக்கு என்ன தெரியும்? பல்லை இஞ்ச் டேப் வெச்சு அளப்பார். இதுக்குன்னு ஒரு சாய மாத்திரை இருக்கு. அந்தப் புஸ்தகத்துலயே போட்டிருக்கான். மென்னு துப்பினா அழுக்கு இருக்கற இடமெல்லாம் ஊதாவா மாறும். எங்க எவ்வளவு அழுக்குன்னு பாத்துக் கணக்குப் போடணும். அதுக்கெல்லாம் படிச்சவங்க வேணும்."

"படிச்சவங்கன்னா?"

"பல்லுக்குன்னே படிச்சவங்க."

அவள் முகம் வாடிவிட்டது. அப்படி ஒரு வாட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "வேண்டாங்க," என்றாள். "டாக்டர்கிட்ட எல்லாம் எதுக்கு? உங்களுக்கு அந்த இடமே ஆகாது. விட்டுடுங்க. பந்தயம் சமம்னு வெச்சுக்கலாம்."

"சமமா?"

"உங்களுக்குப் பயம்னு தெரிஞ்சும் நான் கட்டாயப்படுத்துவேனா?"

"யாருக்குப் பயம்? தோத்துடுவோம்னு உனக்குத்தான் பயம்! டாக்டர்கிட்டதான் போறோம். நடுநிலையான டாக்டர். நீயே ஏற்பாடு பண்ணு."

"இவ்வளவு சொல்றீங்க..." என்று பெருமூச்சு விட்டாள். பெருமூச்சு முடிவதற்குள் போன் அவள் காதில் இருந்தது.

டாக்டரைச் சந்திக்காமல் இருப்பதற்காக வைத்த பந்தயத்துக்கு டாக்டரையே நடுவராக்கிய மேதை உலகத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஆனால் அன்று எனக்கு வெற்றி மட்டும்தான் தெரிந்தது.

கிளினிக்கில் மருந்து வாசனையும் மீன் தொட்டியும் இருந்தன. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பயிற்சி போலும். உள்ளே இருந்து ஓர் இளம் டாக்டர் வந்தார். நேரே என் மனைவியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மிஸ்! எவ்வளவு நாளாச்சு! இவருதானா சார்?"

"எங்கிட்ட கணக்குப் படிச்ச பொண்ணுதாங்க," என்றாள் என் மனைவி. "ரொம்ப நடுநிலையானவ."

நாற்காலி சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். மாத்திரையை மென்று துப்பினோம். டாக்டர் முதலில் என் மனைவியின் வாயில் விளக்கைப் பிடித்தார். அதிர்ந்துபோனார். ஊதா. மேலும் கீழும், உள்ளும் புறமும், இண்டு இடுக்கெல்லாம் ஊதா. நாவற்பழம் தின்ற வாய்கூட இப்படி இருக்காது.

"மிஸ், நீங்களா இது?"

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என் முறை. முன்பற்கள் முத்துப் போலப் பளீரென்று இருந்தன. விளக்கு பட்ட வரையில் அங்கங்கே ஓரிரு புள்ளி, அவ்வளவுதான்.

"சார்தான் ஜெயிச்சார்," என்றார் டாக்டர். "குச்சியும் நல்லதுதான். நுனியை நல்லா மென்னு, ஈறைக் கீறாம மெதுவாத் தேய்ச்சா பிரஷ் மாதிரியே வேலை செய்யும்."

"கேட்டியா?" என்றேன். படுத்தவாறே சொன்னாலும் குரலில் ஒரு கம்பீரம் இருந்தது.

"கேட்டேன். நீங்கதான் ஜெயிச்சீங்க. ஒத்துக்கறேன்."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு டாக்டரை. கண்ணாடியையும் காட்டச் சொல்லு."

"நல்லா வாயைத் திறங்க சார், தெளிவாத் தெரியும்," என்றார் டாக்டர்.

திறந்தேன். என் ஆயுளில் இவ்வளவு பெருமிதத்தோடு வாயைத் திறந்ததில்லை. கண்ணாடி உள்ளே போனது. முன்வரிசையைக் கடந்தது. இன்னும் போனது. இடப்பக்கம் திரும்பியது.

"மிஸ், இது என்ன கறுப்பா?"

"அதெல்லாம் பந்தயத்துல இல்லம்மா. அவருக்குப் பிடிக்காது. பாக்காத."

"குச்சி இங்க எட்டவே இல்ல மிஸ். வேர் வரைக்கும் போயிருக்கு. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா?"

"ஆ... ஆ..." என்றேன். 'ஆகாது' என்பதன் முற்பகுதி அது. மருத்துவ உலகம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது.

படம் எடுத்தார்கள். பார்த்தார்கள். இருவரும் வகுப்பறையில் விடைத்தாள் பார்ப்பதுபோல் தலையாட்டினார்கள்.

"காப்பாத்த முடியாது மிஸ். எடுத்துடட்டுமா?" என்று கேட்டார் டாக்டர். பல் யாருடையது என்பது அந்த அறையில் யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

"சார் என்ன சொல்றார்னு கேளும்மா."

"ஆ... ஆ..."

"சரிங்கறார்," என்றாள் மனைவி.

ஊசி குத்திய ஞாபகம் இருக்கிறது. பிறகு கீழ்த்தாடை எனக்குச் சொந்தமில்லாத பகுதியாகிவிட்டது. 'படக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று தோன்றியது. கொள்கையளவில் எதிர்த்தோம், என்று திருத்திக்கொள்கிறேன்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். ஒரு பக்கம் உதடு தொங்கினாலும் மறுபக்கம் வெற்றிப் புன்னகை. பல் போனால் போகட்டும். பந்தயத்தில் ஜெயித்தது நான். டாக்டர் வாயாலேயே சொல்லியாயிற்று. நாளைக்குத் தையல்காரரிடம் முதல் செய்தி இதுதான்.

"வலிக்குதாங்க?" என்றாள் மனைவி.

இல்லை என்று தலையாட்டினேன். என் முன்பற்களை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ஆமாமா, நீங்கதான் ஜெயிச்சீங்க. தோத்திருந்தீங்கன்னா தீர்ப்பே தப்புன்னு சண்டை போட்டுட்டு, நாற்காலியிலேருந்து குதிச்சு ஓடிவந்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

நின்றேன். புருவத்தை உயர்த்தினேன்.

"நின்னுடாதீங்க, வேகமா நடங்க," என்றாள். "முந்தாநாள்லேருந்து நான் பல்லே தேய்க்கல. வீட்டுக்குப் போனதும் முதல்ல பிரஷ்ஷை எடுக்கணும்."