கதகதப்பான கற்றல் சூழல்

எங்கள் டன்வெல் ஊரின் பள்ளிக் குழு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது. மக்களுக்காகவே உழைப்பது. மக்கள் நேரில் வராதவரை அந்த உழைப்பில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

அந்த டிசம்பரில் பள்ளியின் பழைய கட்டடத்து அறைகளைச் சூடாக்கும் பாய்லர் படுத்துவிட்டது. முதல் வகுப்புப் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு எழுதினார்கள். எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகத் தெரிந்தது. மார்ஜீன் வோஸின் மகள் ட்ரூடி இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்னிக்குக் கோந்து உறைஞ்சு போச்சு" என்றாள்.

மார்ஜீன் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். ஊரில் பாதித் தலைகள் அவள் கைக்கு வந்து போகிறவை. பள்ளிக் கண்காணிப்பாளர் டாக்டர் ப்ரென்டிஸுக்குப் போன் போட்டாள்.

"பாய்லர் கெட்டுப்போகலைம்மா," என்றார் அவர். "இது குளிர்வழி விழிப்புணர்வுக் கற்றல். இப்ப பெரிய ஊர்கள்ல எல்லாம் இதான் பேச்சு. சூடான அறையில பிள்ளைங்க தூங்கிடுறாங்கன்னு ஆய்வு சொல்லுது."

"யாரு பண்ணின ஆய்வு?"

"பாய்லர் நின்னதுக்கு அப்புறம் நாங்கதான் பண்ணினோம். ஒரு பிள்ளைகூடத் தூங்கல."

"நடுங்கிக்கிட்டு எப்படி சார் தூங்கும்?"

"அதைத்தாம்மா விழிப்புணர்வுங்கிறோம்."

மார்ஜீன் பள்ளிக் குழுக் கூட்டத்துக்கே போனாள். புதுக் கட்டடத்தில், கம்பளம் விரித்த சின்ன அறை. தலைவர் ஹார்லன் ஸ்டெக்மன் டிராக்டர் விற்பவர், நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூடத் தள்ளுபடி விலையில் தருவதுபோலச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"பாய்லரைப் பத்தி ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள் மார்ஜீன்.

"பொதுமக்கள் மூணு நிமிஷம் பேசலாம்மா. ஆனா இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இருக்கிறதைப் பத்தி மட்டும்தான்."

"அப்ப அடுத்த கூட்டத்து நிரல்ல போடுங்க."

"தாராளமா. கூட்டத்துல பொதுமக்கள் யாராவது கேட்டா போட்டுடுவோம்."

"நான்தான் கேட்கிறேனே!"

"நிரல்ல இல்லாததை எப்படிம்மா கேட்பீங்க?"

உறுப்பினர்கள் அனைவரும் தலையசைத்தார்கள். விதி அவ்வளவு தெளிவாக இருந்தது.

மார்ஜீன் காருக்குள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், பொதுக் கூட்டங்கள் பற்றிய சட்டத்தை எடுத்துத் தரச் சொல்லிப் படித்தாள். அது ஒன்றும் ரகசியச் சட்டமில்லை. யாரும் கேட்காததால் சும்மா கிடந்தது. கூட்டத்துக்கு யாரும் வரலாம் என்றது. வருகிறவர்களுக்கு இடம் கொள்ளும் அறையில் கூட்டம் நடத்தவேண்டும் என்றது. நிரலை முன்கூட்டியே வாசலில் ஒட்டவேண்டும் என்றும் சொன்னது.

ஜனவரிக் கூட்டத்துக்கு ஒட்டிய நிரலில் ஒரே ஒரு விஷயம். சிகாகோவிலிருந்து வந்த ஆலோசகர் எழுதிக்கொடுத்த தொலைநோக்கு வாசகத்துக்கு ஒப்புதல் அளித்தல். 'ஒவ்வொரு குழந்தைக்கும் கதகதப்பான கற்றல் சூழல்' என்பது வாசகம். மார்ஜீன் தெருவிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் கடையில் முடியும் வெட்டப்பட்டது, பேச்சும் நடந்தது.

"ஏம்மா மார்ஜீன், நான் வந்து என்னத்தப் பேசுறது?" என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் லோவல் க்ரைஸ். "எனக்குப் பிள்ளையே கிடையாது."

"வரி கட்டுறீங்கல்ல?"

"கட்டி அழுறேன்."

"அது போதும். 'கதகதப்பு'ங்கிற வார்த்தையைப் பத்திப் பேசுங்க. நிரலை விட்டு இம்மியும் தாண்டாதீங்க."

கூட்டத்தன்று கம்பள அறை கொள்ளவில்லை. விளையாட்டுக் கூடத்தில் கூடைப்பந்து நடந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே பெரிய இடம் பழைய கட்டடத்துச் சாப்பாட்டுக் கூடம். போயே ஆகவேண்டும் என்று குழுவின் வக்கீல் ஹார்லன் காதில் ஓதினார். நாங்கள் மான் வேட்டைக்குப் போடும் கோட்டுகளில் வந்திருந்தோம். குழு சட்டையும் டையுமாக வந்திருந்தது.

லோவல் முதலில் எழுந்தார். "தலைவரே, கதகதப்புன்னு போட்டிருக்கீங்க. அருமையான வார்த்தை. எங்க மாட்டுக் கொட்டகையில அது இருக்கு. என் மாடு ஒண்ணுகூட இந்த ஸ்கூல்ல சேரச் சம்மதிக்காது."

அடுத்து தேவாலயத்தில் பாடும் அம்மாள் அந்தச் சொல்லை இழுத்து இழுத்து உச்சரித்தே தன் மூன்று நிமிடத்தை முடித்தாள். முதல் வகுப்பு ஆசிரியை தன் முறை வந்ததும் எழுந்தாள். உறைந்த கோந்துப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹார்லனின் மூக்கு சிவந்துவிட்டது. "இதெல்லாம் நிரலுக்கு உட்பட்டதுதானா?" என்று கேட்டார். வக்கீலின் தலை ஆடியது. ஆமோதிப்பா நடுக்கமா என்று தெரியாததால் ஆமோதிப்பு என்றே பதிவானது.

"டாக்டர், யாராவது தூங்குறாங்களா பாருங்க," என்றாள் மார்ஜீன். கண்காணிப்பாளர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை பேரும்மா?" என்றார் ஹார்லன்.

"வரிசை வாசல் வரைக்கும் இருக்கு, தலைவரே. பொறுமையா கேளுங்க."

ஹார்லன் மேசையைத் தட்டினார். "பாய்லரை உடனே மாத்தணும்னு முன்மொழியுறேன்!"

"அது நிரல்ல இல்லையே?" என்றாள் மார்ஜீன், பச்சைப்பிள்ளைபோல.

"கதகதப்பான சூழல்னா அதுக்குள்ள பாய்லரும் அடக்கம்தாம்மா! யாரைக் கேட்டாலும் சொல்வாங்க!"

உறுப்பினர்கள் வாக்களிக்கக் கால்சட்டைப் பைகளிலிருந்து கைகளை வெளியே எடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாய்லர் வந்தது. குளிர்வழிக் கற்றல் தன் இலக்குகளை எல்லாம் எட்டி வெற்றிகரமாக நிறைவுற்றதாக டாக்டர் ப்ரென்டிஸ் அறிவித்தார். ட்ரூடியின் இருமல் நின்றது.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த தேர்தலில் மார்ஜீனையே குழுவுக்கு அனுப்பினோம். நம் ஆள் உள்ளே இருக்கிறாள், இனி என்ன கவலை என்று அவரவர் வீட்டில் இருந்துகொண்டோம். கூட்டங்களில் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாளாம்.

அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு நிரல் ஒட்டினார்கள். பள்ளி நூலகர் பதவியை நீக்கி, அந்தப் பணத்தில் கால்பந்து மைதானத்துக்கு மின்விளக்கு ஸ்கோர் பலகை வைப்பது. மார்ஜீன் வீடுவீடாக ஓடினாள். "எல்லாரும் வாங்க, வந்து பேசுங்க, விட்டுடாதீங்க" என்றாள்.

எல்லாரும் போனோம். மறுபடி அறை கொள்ளவில்லை. கூட்டத்தைப் பார்த்து மார்ஜீன் கண் கலங்கிவிட்டாள்.

லோவல் எழுந்தார். "போன வருஷம் நம்ம பசங்க தோத்ததே ஸ்கோர் சரியாத் தெரியாமத்தான்."

"லோவல்! நூலகம்!" என்று கத்தினாள் மார்ஜீன்.

"புத்தகம் எங்கம்மா ஓடிப்போகப்போகுது? அது பாட்டுக்கு அலமாரியில இருக்கும்."

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பேசினோம். ஒரு சொல்கூட நிரலைத் தாண்டவில்லை. ஹார்லன் நெஞ்சில் கைவைத்தார். "இவ்வளவு மக்கள் நேர்ல வந்து கேட்கும்போது மறுக்க இந்தக் குழு யாரு?" என்றார்.

எதிராக உயர்ந்தது மார்ஜீனின் கை மட்டும். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். அவள் எழுந்திருக்கவில்லை.

"பாத்தியா, பதவிக்குப் போனதும் மக்கள மறந்துட்டா," என்றார் லோவல். நாங்களும் ஆமாம் என்றோம்.