ஏழாவது நிபந்தனை

“என்னம்மா இது?” மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மேஜைமேல் ஒரு சட்டி. உள்ளே கருகிய உருளைக்கிழங்கு.

“நேத்து நான் சமைச்சது சார். கம்பெனிச் சொத்து. ரசீது குடுங்க.”

பொம்மைத் தொழிற்சாலையின் மூத்த தையல்காரி அவள். வேலை ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனை இப்படிச் சொன்னது: ‘பணியில் உள்ளவரை தொழிலாளி தன் கையால் எங்கே எதைச் செய்தாலும் கம்பெனிக்கே சொந்தம்.’

போன திங்கள் வாசல் சோதனையில் அவள் பையில் மகளின் துணி யானை அகப்பட்டது.

“வீட்டுல தைச்சதா?”

“வீட்டுல தைச்சதுதான்.”

தும்பிக்கை கோணல்தான். இருந்தாலும் மேலாளர் அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து யானை இல்லாமல் பிள்ளைக்குத் தூக்கமில்லை.

தொல்லை விட்டால் போதுமென்று இப்போது ரசீது எழுதிக் கொடுத்தார். அதுதான் வினை. மறுநாள் நாற்பது தையல்காரிகள் வரிசைகட்டி நின்றார்கள். ஒட்டுப்போட்ட கால்சட்டை, தீய்ந்த ரொட்டி, பாதி பின்னிய ஸ்வெட்டர். அறை முழுக்க எறும்பு.

“பொம்மையை மட்டும் கொண்டு வாங்க!”

“‘எதைச் செய்தாலும்’னு போட்டிருக்கே சார். நீங்க எழுதினதை நாங்க மீறலாமா?”

“வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

“தாராளமா. காரணத்தை எழுத்துல குடுங்க. தொழிலாளர் அலுவலகத்துல கேட்டுட்டேன். நாங்க கையெழுத்தே போட்டிருந்தாலும், சட்டத்தை மீறின நிபந்தனை செல்லாதாம்.”

“செல்லும், செல்லும்! போய் வேலையைப் பாரு.”

வெள்ளிக்கிழமை அவள் மகளையே கூட்டிவந்து அவர் எதிரில் உட்கார வைத்தாள்.

“பிள்ளை எதுக்கும்மா?”

“பிள்ளை என்னோடது சார். இந்த ரெட்டைச் சடை உங்களோடது. காலையில நான்தான் பின்னினேன். சாயங்காலம் வரைக்கும் பத்திரமா வச்சுக்குங்க.”

கம்பெனிச் சொத்து சும்மா இருக்கவில்லை. அரை மணியில் ஸ்டேப்ளரைக் காலி செய்தது. ரப்பர் முத்திரையை நெற்றியில் குத்திக்கொண்டது. தொலைபேசி அடித்ததும் தாவி எடுத்து, “மாமா வரமாட்டாரு, எறும்பு அடிக்கிறாரு” என்றது.

மறுமுனையில் முதலாளி.

பத்தே நிமிடம். நாற்பது ஒப்பந்தங்களிலும் ஏழாவது நிபந்தனையைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டார் மேலாளர். அலமாரியைத் திறந்து யானையை நீட்டினார்.

“போதுமா தாயே?”

“போதும். இனிமே எங்க வீட்டுக்குள்ள உங்க ஒப்பந்தம் எட்டிப் பார்க்கக் கூடாது.”

யானையை இறுகக் கட்டிக்கொண்டு பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தது.

“மாமா, இதை அம்மா செய்யவே இல்லையே. எங்கப்பாதான் தைச்சாரு!”