ஒத்திகை அக்கா எடுத்த கால்பந்துப் படம்

மொன்றியலில் எந்த நிலைமையிலும் தயாரில்லாமல் அகப்படாத தமிழர் ஒருவர் உண்டென்றால், அது ஒத்திகை அக்காதான். எந்தக் காரியத்தையும் அவர் இரண்டு தரம் செய்வார். முதல்தரம் பொய்யாக, இரண்டாந்தரம் மெய்யாக.

ஜான்-டலோன் சந்தையில் ஒரே மரக்கறிக் கடையில் நாங்கள் ஆறு வருடம் வேலை செய்தோம். அவருடைய ஞானஸ்நானப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பல் வைத்தியரிடம் போவதற்கு முதல்நாள், அரைமணி நேரம் வாயை ஆவென்று திறந்தபடியே உருளைக்கிழங்கு அடுக்கினார். 'பொன்ஜூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்ன வாடிக்கையாளர்களுக்கெல்லாம் 'ஆ' என்பதே பதில். குடியுரிமை நேர்முகத்துக்கு முன் தன் கணவரை அதிகாரியாக மேசைக்குப் பின்னால் இருத்தி வைத்து, கேள்வி கேட்கிற விதம் சரியில்லை என்று ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

ஒருநாள் கடையில் கீரை கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"தம்பி, உம்மட்ட குருவியளைப் படமெடுக்கிற கமரா ஒண்டு கிடக்கெல்லே?"

"கிடக்கு, அக்கா. குளத்தில நீந்தின நாலு தாராவை எடுத்தனான். பேந்து தொடேல்லை."

"அதுக்கு வேலை வந்திருக்கு. உமக்கும்தான்."

விஷயம் இதுதான். அக்காவின் ஒரே மகன் ஜெரோம், கல்லூரிக் கால்பந்து அணியில் விளையாடினான். பெயர் கால்பந்து என்றாலும் முட்டைபோன்ற ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு அது. நடுவில் குனிந்து நின்று, பந்தைத் தன் கால்களுக்கிடையால் பின்னே எறிவது ஜெரோமின் வேலை. எறிந்த மறுகணம் எதிரணியில் குளிர்சாதனப் பெட்டி அளவான ஒருவன் அவன்மேல் வந்து விழுவான். படமெடுப்பவர்களோ பந்தின் பின்னால் போய்விடுவார்கள்.

"ரெண்டு வருசமா ஒவ்வொரு மட்சுக்கும் கல்லூரிப் பக்கத்தில படம் போடினம்," என்றார் அக்கா. "என்ர பிள்ளையின்ர பின்பக்கம் பதினேழு படத்தில கிடக்கு. முகம் ஒண்டிலயும் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அவனுக்குக் கவலையோ, அக்கா?"

"சொல்லமாட்டான். ஆனா ஒவ்வொரு படத்தையும் போனில பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடினதை நான் கண்டனான்."

வழக்கமாகப் படமெடுக்கும், வேறொரு பையனின் தகப்பன் ஊர் மாறிப் போய்விட்டார். சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்துக்கு ஆள் தேவை என்று கல்லூரி பெற்றோரிடம் கேட்டது. ஜெரோமுக்கு அதுவே கல்லூரியில் கடைசி வருடமும்கூட. வாழ்க்கையில் கமராவைத் தொட்டிராத அக்கா தன் பெயரைக் கொடுத்துவிட்டார். "அம்மா, ப்ளீஸ், வேண்டாம்" என்று ஜெரோம் இரண்டு மொழிகளில் கெஞ்சியது பலிக்கவில்லை.

ஒத்திகை மூன்று கிழமை நடந்தது. அஹுன்ட்சிக் பகுதியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் சோக்கட்டியால் கோடு கீறினார். கல்லூரிக்குப் போன் எடுத்து, படமெடுப்பவர் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கவேண்டும் என்று கேட்டு, அதற்கும் ஒரு கோடு. பந்துக்குப் பதிலாக எங்கள் கடையிலிருந்து நீள்முட்டை வடிவில் ஒரு மஞ்சள் பூசணிக்காய். வீரர்களுக்குப் பதிலாக மாதா கோயில் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடும் நான்கு அண்ணைமார். நால்வருக்கும் அறுபதுக்கு மேல் வயது. அவர்கள் பூசணிக்காயோடு அக்காவை நோக்கி ஓடி வரவேண்டும். அக்கா படமெடுத்துவிட்டு வலப்பக்கம் இரண்டு அடி விலகவேண்டும். நாற்பது தரம் ஓடினார்கள். அந்த ஞாயிறு பூசையில் கட்டைக்குரலே கேட்கவில்லை.

குளிருக்குப் பழக, கடையின் குளிரறையில் கமராவோடு இருபது நிமிடம் நின்றார். மழைக்குப் பழக, அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு குளியலறைத் தண்ணீருக்குக் கீழே நின்றார். கமரா என்னுடையது என்பதால் நான் கதவுக்கு வெளியே நின்று செபித்தேன். முழங்காலில் நின்று எடுத்தால்தான் முகம் விழும் என்று எங்கோ வாசித்திருந்தேன், அதைச் சொன்னேன்.

"அதுக்கு ஒத்திகை தேவையில்லை, தம்பி. நாப்பது வருசமாச் செபமாலை சொல்லுறன்."

ஆட்டத்தன்று மழை இல்லை. குளிரும் இல்லை. ஒக்டோபர் மாதத்துக்குப் பொருத்தமில்லாத நல்ல வெயில். அக்கா நான்கு சட்டைகளுக்குள் வியர்த்தபடி கோட்டருகே முழங்காலில் நின்றார். நான் கமராப் பையோடு பின்னால் நின்றேன். முதற்பாதி முழுவதும் பந்து எங்கே போனாலும் கமரா ஜெரோமைவிட்டு அசையவில்லை. இடைவேளையில் படங்களைப் பார்த்தோம். தலைக்கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னால் ஓர் இருட்டு. அவ்வளவுதான். அந்தக் கம்பிகளை நாங்கள் ஒத்திகையில் யோசிக்கவில்லை.

அக்கா கமராவை மடியில் வைத்து அதன் மூடியைப் போட்டார். அவரை அப்படி நான் கண்டதில்லை.

"இன்னும் பாதி இருக்கெல்லே, அக்கா," என்றேன்.

"ஓம்," என்றார். அந்த 'ஓம்' மிகவும் சின்னது.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் பையன் ஒருவன் பந்தோடு நேரே எங்களை நோக்கி ஓடி வந்தான். எதிரணியில் இருவர் அவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். அக்கா பழகியபடியே எழுந்து வலப்பக்கம் இரண்டு அடி விலகினார். பை பிடிக்கிறவன் எந்தப் பக்கம் விலகுவது என்று யாரும் பழக்கியிருக்கவில்லை. நான் ஆகாயத்தைப் பார்த்தேன், பிறகு புல்லைப் பார்த்தேன், மறுபடியும் ஆகாயம்.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவன் ஜெரோம். கோட்டைத் தாண்டி வந்து, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்மேல் குனிந்தான்.

"சாவா, அங்கிள்?"

சுகமா என்று பிரெஞ்சில் கேட்டான். நான் இருந்த நிலையில் அது எனக்குத் தமிழாகவே கேட்டது.

"இன்னும் இல்லையடா," என்றேன்.

அவனுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தபடியே தூக்கிவிடக் கையை நீட்டினான். பக்கத்தில் கமரா விடாமல் சடசடவென்று அடித்தது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் படுத்துக் கிடவும்," என்றது அக்காவின் குரல்.

"ஏனக்கா?"

"வெளிச்சம் நல்லாக் கிடக்கு."

ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. ஆனால் அந்தப் படம் கல்லூரியின் இணையப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. கன்னத்தில் மண், நெற்றியில் வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்போடு ஜெரோம். ஓரத்தில் என் இரண்டு சப்பாத்துகளின் அடிப்பாகம் மட்டும்.

"அவன் என்ன சொன்னவன், அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. அவன்ர போனைத் திறந்தால் அதுதான் முதல்ல வருது."

அன்று அடிபட்ட என் முழங்காலின் வீக்கம் வற்ற இரண்டு கிழமை ஆனது. அந்த இரண்டு கிழமையும் கடையில் என் பங்கு மூட்டைகளையும், நான் வருமுன்பே, அக்காவே தூக்கினார். முதலாளிக்குத் தெரியாது, எனக்கே பிறகுதான் தெரியும். வேலை முடிந்து தினமும் என் வீட்டுக்குச் சூப்போடு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே இருப்பார்.

இப்போது அவர்கள் நகரத்தின் மேற்கோரம், பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். குளிர் தொடங்கினால் என் முழங்கால் வலிக்கும்; உடனே அக்காவுக்குத்தான் போன் எடுப்பேன். வலிக்காத நாட்களிலும் சிலவேளை வலிக்கிறதென்று சொல்லி எடுப்பதுண்டு.