ரெட்டைச் சுழிக்கு ஒரு ஜாமீன்

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய எதுவும் வீணாய்ப் போனதில்லை. எல்லாம் சுழிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். குதிரை, ஃபெயிலான பிள்ளை, கடைசியில் நான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். குதிரை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் உடம்பில் முடி சுழித்திருக்கும் இடங்களை. ஒரு சுழி இடம் மாறி இருந்தாலும் எவ்வளவு அழகான குதிரையையும் சீந்தமாட்டார்கள். இவர் அந்தக் குதிரைகளாகப் பார்த்து வாங்குவார். எஜமானைப் பாடையில் ஏற்றிவிடும் என்று விரட்டப்பட்ட ஆண் குதிரைக்கு ‘ஆயுசு’ என்று பெயர் வைத்தார். குடியைக் கெடுக்கும் என்று தள்ளப்பட்ட பெட்டைக்கு ‘மகாலட்சுமி’. அந்த இரண்டும் போட்ட குட்டிகளோ சுத்தமான சுழியோடு பிறந்து தொலைத்தன. தாயைக் கண்டாலே ஒதுங்கிப் போனவர்கள், குட்டிக்கு முன்பணத்தோடு அவர் வாசலில் நின்றார்கள்.

குட்டி விற்ற காசு அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியதில்லை. அரசுப் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுக்க அவரை மேடையில் ஏற்றினார்கள். மைக்கைப் பிடித்தவர், “மொத மார்க்கு வாங்குனவங்களுக்கு ஊரே குடுக்குமுங்க. பெயிலான கண்ணுங்க யாரு? மேல வாங்க” என்றார். ஒருவரும் அசையவில்லை. தலைமையாசிரியர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க” என்று இவர் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் ஏறி வந்தாள். அவள் பின்னால் நான்கு பேர். ஐந்து பேருக்கும் டியூஷன், பஸ் செலவு, சாயங்காலம் பரோட்டா, எல்லாம் அவருடையது. ஐந்து பேரும் அடுத்த பரீட்சையில் பாஸ். அதற்குப் பிறகு நான் வேலை பார்க்கும் மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டி வந்த முதல் மார்க்கு மாணவன் ஒருவன், “நல்லாப் படிச்சது தப்புங்களா சார்?” என்று கேட்டான். மாட்டுக்கு ஊசியைப் போட்டு அனுப்பிவைத்தேன்.

நான் அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். சொந்த ஊர் வாழப்பாடி. அப்பா நான் மூன்றாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மாதான் எனக்குப் பெண் தேடி அலைந்தாள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைகள் மலிந்து, பெண் கிடைக்காத காலம் இது. அதில் என் உச்சந்தலையில் வேறு ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழி இருந்தால் இரண்டு பெண்டாட்டி என்பது எங்களூர்ச் சட்டம். ஒன்றுக்கே வழியில்லாதவன் தலையில் இரண்டைக் கட்டி, ஐந்து இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்போதே முப்பத்து நான்கு வயதாகிவிட்டது. ஆறாவது இடமும் போனால் தேடுவதையே விட்டுவிடுவதாக அம்மா சொல்லிவிட்டாள்.

ஆறாவது இடம் திருச்செங்கோடு. பெண் நூல் மில்லில் சூப்பர்வைசர். அவள் அப்பா ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். எங்கள் பக்கத்தில் பேச ஒரு ஆண்பிள்ளை வேண்டுமே என்று சுழிக்காரரைக் கூப்பிட்டேன். முன்னெச்சரிக்கையாக முடியை வளர்த்து, ஜெல் போட்டுச் சுழியை அமுக்கி வைத்திருந்தேன். கிளம்புகிற நேரத்தில் அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குனியவைத்தார்.

“ஏந்தம்பி, இதென்னுங்க பசை?”

விஷயத்தைச் சொன்னேன்.

“சுழிய மறைச்சு விக்கறவன் யாவாரி இல்லீங்க சாமி, திருடன்” என்றவர், என்னை இழுத்துப்போய்க் குதிரைத் தொட்டிக் குழாயடியில் தலையைக் கழுவிவிட்டார். ஈரத் தலையோடு பெண் பார்க்கப் போனேன்.

போண்டாவை முடித்ததும் அவர் பேச்சை ஆரம்பித்தார். “பையனுக்கு ரெட்டைச் சுழிங்க. தம்பி, குனிஞ்சு காட்டுங்க.”

குனிந்தேன். பெண்ணின் அத்தை எழுந்து உள்ளே போனார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆறாவதும் போயிற்று என்று நினைத்தேன்.

“ஆனா நாலு வருசமா நான் பாக்கறனுங்க” என்று அவர் தொடர்ந்தார். “கடிக்கறதில்ல, ஒதைக்கறதில்ல. அதட்டுனா மெரளும். தட்டிக்குடுத்தா எத்தன பாரம்னாலும் இழுக்கும். தீனிதான் கொஞ்சம் சாஸ்தி.”

“ஓட்டம் எத்தன வருசமுங்க?” என்றார் பெண்ணின் அப்பா, லாரி வாங்கிப் பழகிய வாயோடு.

“முப்பத்திநாலுங்க. சிங்கிள் ஓனர்” என்று என் அம்மாவைக் காட்டினார்.

பெண்ணின் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் விடவில்லை. “நாளைக்கு ரெண்டாவதா ஒருத்தியக் கூட்டிட்டு வந்தா என்னுங்க பண்றது?”

“என்ர ஊட்டுக்கு ஓட்டி உட்டுப்போடுங்க. வேண்டாங்கறதயெல்லாம் நாந்தான வெச்சிருக்கறேன். இவனையும் கட்டிப்போட எடமிருக்குதுங்க.”

கதவருகில் நின்றிருந்த பெண் முன்னால் வந்தாள். “ஏனுங்க பெரியப்பா, உங்க குதிரைங்க சுழி சொன்ன மாதிரி யாரையாச்சும் கெடுத்திருக்குதுங்களா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “மகாலட்சுமி ஒரு தடவ கொள்ளுப் பானைய ஒடைச்சுப்போட்டாளுங்க சாமி. வேறொண்ணும் இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்பறம் என்னுங்கப்பா யோசன?” என்றாள்.

இப்போது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அன்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வெளியே வந்ததும், சுழிக்காரர் தோள் துண்டை எடுத்து, காயாத என் தலையை அழுத்தித் துவட்டினார். “சளி புடிச்சுக்கப் போகுது” என்று திட்டிக்கொண்டே துவட்டினார். தெருவே பார்த்தது. நான் தலையைக் கொடுத்தபடி நின்றேன். பெண் பார்க்கப் பிள்ளைகள் ஏன் அப்பாவோடு போகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.