ஏனையவை: மல்லி ஒன்று

வீட்டுத்தோட்டத்துக்கு நாற்றுத் தெரிவு செய்வது எவ்வளவு பாரதூரமான காரியம் என்பது, அதற்கென்று நான்கு பக்கத்தில் படிவம் அச்சடிக்கப்படும்வரை ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குத் தெரியாமலே இருந்தது. அதுவரை அவர்கள் பண்டாரவளைக்குப் போய், தண்டு தடித்திருக்கிறதா, இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, நாலு கன்றை வாங்கி வந்து நட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். எந்த ஒழுங்குவிதியும் இல்லாமல் நாலு தலைமுறை இப்படி உயிரோடு இருந்ததை நினைத்து உத்தியோகத்தர்கள் மிகவும் கவலைப்பட்டார்கள்.

கீழ் டிவிசன் ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் கொழுந்தெடுக்கும் பாக்கியலெட்சுமிக்கு, காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டுக்கு முன்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவு மண் இருந்தது. அதுவும் தானாக அங்கே இருந்ததில்லை. வெறும் பாறையாகக் கிடந்த இடத்தில், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றோரத்திலிருந்து கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டியவள் அவள்தான். சம்பளம் பிந்துகிற மாதங்களில் அந்த வீட்டுச் சோற்றுக் கோப்பையில் பச்சையாக ஏதாவது கிடந்தால் அது அந்த மண்ணின் புண்ணியம். அதன்மேல் அவளுக்கு இருந்த பாசத்தைப் பார்த்து அவள் புருஷனுக்கே சில நேரம் பொறாமை வரும்.

அந்த மண்ணுக்குத்தான் ஆபத்து வந்தது. லொறி திருப்ப இடம் போதவில்லை என்றும், ஆகையால் லயங்களுக்கு முன்னாலுள்ள தோட்டத் துண்டுகள் யாவும் ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி மட்டப்படுத்தப்படும் என்றும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். வீட்டுத்தோட்ட ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிவு பெற்ற துண்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

பதிவு செய்வதற்கு தயானி மிஸ் வந்தார். பதுளை அலுவலகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு குடும்பத்துக்கு மரக்கறி ஒன்று, மூலிகை ஒன்று, பூ ஒன்று என்று விளக்கம் கொடுத்தார்.

“என் தோட்டத்துல ஏற்கனவே போஞ்சி காய்ச்சிக் கெடக்கு மிஸ். அதை எழுதிக்கிட்டா போதாதா?” என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி.

“அது படிவம் இல்லாம காய்ச்ச போஞ்சி அக்கா. அதைக் கணக்கில எடுக்க முடியாது. லிஸ்ட்டைப் பார்த்துச் சொல்லுங்க.”

மரக்கறிக்குக் கீழே சுக்கினி, லெட்டூஸ், புரொக்கோலி. பூவுக்குக் கீழே பெட்டூனியா. மூலிகைக்குக் கீழே ரோஸ்மேரி, லாவெண்டர்.

“ரோஸ்மேரிங்கிறது யாரு மிஸ்?”

“மூலிகை அக்கா.”

“எந்த நோய் வருத்தத்துக்குக் குடிக்கிறது?”

“குடிக்கிறதுக்கு இல்ல. போட்டோ எடுக்கிறதுக்கு. கொழும்பில இப்ப எல்லா பல்கனியிலயும் அதுதான். ஃபேஸ்புக்ல பார்க்கலியா?”

பாக்கியலெட்சுமி பார்க்கவில்லை. அவளிடம் பல்கனியும் இல்லை. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் அவிச்சுக் கொடுக்கிறதுக்கும், ரசத்தில் கிள்ளிப் போடுகிறதுக்கும் ஆகிற ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நல்லவேளையாக ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் ‘ஏனையவை’ என்று ஒரு கோடு இருந்தது. மரக்கறிக்குப் போஞ்சி, பூவுக்குச் செவ்வந்தி, மூலிகைக்கு மல்லி என்று சொன்னாள். தயானி மிஸ் அதைக் கையிலிருந்த டேப்லெட்டில் ஆங்கில எழுத்தில் தட்டினார். தமிழ் எழுத்தை அந்த டேப்லெட் கட்டங்கட்டமாகக் காட்டியது.

மூன்று கிழமை கழித்துத் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. லயத்துக்கு விலாசம் கிடையாதென்பதால் எல்லோருக்கும் வருகிற கடிதம் அங்கேதான் வரும். கிளாக்கர் ஐயா அதை இரண்டு தரம் தனக்குள் படித்துவிட்டு, மூன்றாம் தரம் சத்தமாகப் படித்தார்.

“தங்களால் கோரப்பட்டுள்ள இளைய சகோதரர் (01) தற்சமயம் எமது நாற்றுமேடைகளில் கையிருப்பில் இல்லை என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகின்றேன். எனவே மேற்படி இளைய சகோதரரைத் தாங்களே தேடிப்பெற்று, உரிய திகதிக்கு முன்னர் நட்டு, பரிசோதனைக்குத் தயார்நிலையில் வைத்திருக்குமாறு தயவுடன் வேண்டிக்கொள்கின்றேன்.”

நடந்தது என்னவென்று விளங்கக் கிளாக்கர் ஐயாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதுளை பஸ்ஸில் கொண்டக்டர் வயசு வித்தியாசமில்லாமல் எல்லோரையும் “மல்லி, பின்னுக்குப் போங்க” என்று கூப்பிடுகிறாரே, அந்த மல்லி! சிங்களத்தில் தம்பி. பதுளையில் இருந்தவர் அதைத் தம்பி என்று வாசித்து, மூலிகைப் பிரிவில் சேர்த்து, திருத்தமான தமிழில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்.

பாக்கியலெட்சுமி அடுத்த பஸ்ஸிலேயே பதுளைக்குப் போனாள்.

“பிழைதான் அக்கா,” என்றார் தயானி மிஸ். “திருத்தலாம். அதுக்கு வேற படிவம் இருக்கு. திருத்தக் குழு கூடணும். குழு கூட ஏழு மாசமாகும்.”

“ஐயோ மிஸ், பதினஞ்சாந் தேதி மம்பட்டியோட வந்துருவாங்களே!”

தயானி மிஸ் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். “உங்களுக்குத் தம்பி யாரும் இருக்காங்களா?”

“இருக்கான். பொன்னையா. கொஸ்லந்தையில த்ரீவீல் ஓட்டுறான்.”

“அப்ப ஏன் அக்கா அழுவுறீங்க? இல்லாததைக் கேட்டாத்தானே பிரச்சினை?”

அரசாங்க அறிவு என்பது இதுதான். பாக்கியலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஸ்லந்தைக்கு போன் எடுத்தாள். “தம்பி, ஒரே ஒரு நாளைக்கு வந்து நில்லுடா. வேற ஒண்ணுமே செய்ய வேணாம்,” என்றாள். வேறு ஒன்றும் செய்யாமல் நிற்கிற வேலை அரசாங்கத்தில்தான் கிடைக்கும் என்று நம்பியிருந்த பொன்னையா உடனே சம்மதித்தான்.

பரிசோதனை நாளன்று காலையிலேயே பண்டாரவளை நாற்றுக்கடை ஹஸீப் நானா தன் சின்ன லொறியில் போஞ்சிக் கன்றும் செவ்வந்திக் கன்றும் கொண்டுவந்து இறக்கினார். இருபது வருஷமாக இந்த லயத்துக்குக் கன்று விற்கிறவர். தோட்டத்தின் நடுவில் கணுக்கால்வரை மண்ணுக்குள் புதைந்து நின்ற பொன்னையாவைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுற்றிவந்தார்.

“தண்டு நல்லாத்தான் ஈக்குது பாக்கியம். உச்சியிலதான் கொஞ்சம் உதிர்ந்திட்டுது,” என்றார். “இதுக்கு வெயில் ஆகாது. கூடாரம் போடுங்க.”

“நீங்க வேற நானா! காலு மரத்துப் போச்சு,” என்றான் பொன்னையா.

“பேசாத மல்லிதான் நல்ல இனம்,” என்று சொல்லிவிட்டு அவர் லொறியை எடுத்தார்.

பத்து மணிக்குப் பரிசோதகர் சேர் வந்தார். இரண்டாம் மொழிப் பரீட்சையில் தமிழுக்கு உயர் சித்தி பெற்றவர். அதனால் யாருக்கும் விளங்காத நல்ல தமிழில் பேசினார். அளவு நாடாவைப் பொன்னையாவின் தலையிலிருந்து தரைவரை பிடித்து, “உயரம் ஐந்து அடி நான்கு அங்குலம்,” என்றார். தயானி மிஸ் பதிந்தார்.

“நீர் பாய்ச்சப்படுகின்றதா?”

“காலையில ஒரு பிளேன்டீ குடுத்தேன் சேர்,” என்றாள் பாக்கியலெட்சுமி.

“பூச்சித் தாக்கம்?”

“அட்டை ரெண்டு ஏறிச்சு சேர். உப்பு வச்சி எடுத்தாச்சு.”

“மிக நன்று.”

பொன்னையாவுக்குப் பொறுக்கவில்லை. “சேர், நான் மனுசன் சேர். இது உங்களுக்குத் தெரியுதா இல்லையா?”

பரிசோதகர் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. “தம்பி, நீர் மனிதனா மரமா என்று தீர்மானிப்பது வேறு ஒரு திணைக்களம். படிவத்தில் உள்ளது நிலத்தில் உள்ளதா என்று பார்ப்பது மாத்திரமே எனது கடமை. படிவத்தில் மல்லி உள்ளது. நிலத்தில் மல்லி உள்ளது. தயவுசெய்து அசையாதீர். படம் மங்கலாகிவிடும்.”

படம் எடுத்தார்கள். சான்றிதழ் பத்தே நாளில் வந்துவிட்டது. திருத்துவதற்கு ஏழு மாதம் எடுக்கிற அலுவலகம் பிழையாகவே செய்வதற்குப் பத்து நாளுக்குமேல் எடுப்பதில்லை. அதில் இப்படி இருந்தது: “மேற்படி பொன்னையா என்பவர் மேற்குறித்த நிலத்தில் நிரந்தரமாக வேரூன்றியுள்ளார் என இத்தால் அத்தாட்சிப்படுத்துகின்றேன்.” கீழே கையொப்பம், வட்ட முத்திரை.

பதினைந்தாம் திகதி மம்பட்டிக்காரர்கள் வந்தார்கள், முத்திரையைப் பார்த்தார்கள், ஒரு துண்டையும் தொடாமல் திரும்பிப் போனார்கள். பாக்கியலெட்சுமி அன்றைக்கு மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒன்பது காம்பராச் சனமும் சான்றிதழைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தது. அவர்களுடைய முப்பாட்டன் இந்த மலையில் தேயிலை வைத்த காலந்தொட்டு, ஆளையும் மண்ணையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிய கடதாசி ஒன்றை அவர்கள் கண்டது அதுதான் முதல் தடவை. காணி உறுதி இல்லை, விலாசம் இல்லை, செத்தவனைப் புதைத்த இடத்துக்குக்கூட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கொஸ்லந்தைப் பொன்னையாவுக்கு மட்டும் வட்ட முத்திரையோடு வேர் பிடித்துவிட்டது.

அடுத்த நாள் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் வரிசை ஆற்றைத் தாண்டி நின்றது.

“எனக்கும் ஒரு மல்லி எழுதுங்க மிஸ்,” என்றாள் ராசம்மா.

“உங்களுக்குத் தம்பியே இல்லையே.”

“நங்கி இருக்காளே! அவளை எழுதுங்க.”

மல்லி இல்லாதவர்கள், சிங்களத்தில் தங்கச்சியான நங்கி என்று எழுதினார்கள். நங்கியும் இல்லாதவர்கள் அக்கா என்று எழுதினார்கள்; அது இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருந்தது வசதியாகப் போயிற்று. அறுபத்தொரு குடும்பம் முற்றத்தில் இறங்கி வரிசை வரிசையாக மண்ணுக்குள் கால் வைத்து நின்றது. பரிசோதகர் சேர் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் இரண்டடி இடைவெளி விடச் சொல்லி அளந்துகொண்டு போனார். இலக்கு நூற்றுக்கு முந்நூறு வீதம் எட்டப்பட்டதாகப் பதுளை அலுவலகம் கேக் வெட்டியது.

அறுபத்திரண்டாவது படிவத்தைத் தயானி மிஸ் யாரும் பார்க்காதபோது நிரப்பினார். பக்கத்து மலை டிவிசனில், பத்தடிக் காம்பராவில் பிறந்தவர் அவர். பதுளையில் இருப்பது வாடகை அறை. உத்தியோகம் கிடைத்த பிறகு தோட்டப் பேச்சையே வாயில் எடுக்காமல் பழகியிருந்தார். ‘ஏனையவை’ என்ற கோட்டில் ‘அக்கா ஒன்று’ என்று எழுதி, தன் பெயரைப் போட்டு, படிவக் கட்டின் நடுவில் செருகினார். அந்த முத்திரை அவருக்கும் வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அதைப் பெரட்டுக்களத்தில் வாசித்துக் காட்டும்படி தயானி மிஸ்ஸையே வரவழைத்தார்கள். கூடையும் கயிறுமாகச் சனம் நின்றது. பொன்னையாவும் நின்றான், நட்ட பயிரை அனுமதியின்றி வேறிடம் கொண்டுபோகக் கூடாதென்பதால் அவனால் கொஸ்லந்தைக்குத் திரும்ப முடியவில்லை.

“இத்தோட்ட மண்ணில் வேரூன்றியவை யாவும் சட்டப்படி இத்தோட்டத்தின் உடைமையாகும்,” என்று வாசித்தார் தயானி மிஸ். “அவை நிற்கின்ற நிலத்துண்டுகளும் அவ்வாறே. அவற்றிலிருந்து தோன்றும் கன்றுகளும் தோட்டத்துக்கே உரியவை. அவை நாள்தோறும் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் காணப்பட வேண்டும். பலன் தராதவை அகற்றப்படும். அகற்றப்படுபவற்றுக்கு மாற்று இடம் கோர முடியாது.”

வாசிக்க வாசிக்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பிடுங்குவதற்கு ஏதாவது படிவம் இருக்கிறதா என்று பைக்குள் தேடினார். நடுவதற்கு மட்டும்தான் இருந்தது.

யாராவது அழுவார்கள், கத்துவார்கள் என்று தயானி மிஸ் எதிர்பார்த்தார். பாக்கியலெட்சுமி மழைக்குத் தலையில் போர்த்தியிருந்த கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“வெளங்கிச்சு மிஸ். இதுல புதுசா என்ன சொல்றாங்க?”

தயானி மிஸ் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துத் தேடினார்.

“தேதி,” என்றார்.