கப்பலாரும் ஞாயிற்றுக்கிழமைக் கொப்ளரும்

உலகத்தில் எத்தனையோ சமையற்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாத சமையற்காரர் ஒருவர்தான். அவர் திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில், எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். ஒரு கப்பலுக்கே சமைக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சமைத்துவிடுவார். ஒரு கோப்பைச் சோறு வடிக்கச் சொன்னால் மனுசனுக்கு வியர்த்துக் கொட்டும்.

அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. தபால்காரர் முதல் மீன்காரர் வரை எல்லாருக்கும் அவர் கப்பலார். இளவயதில் ஏதோ சரக்குக் கப்பலின் குசினிக்குள் நுழைந்தவர், தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தாராம். கல்யாணம்கூடக் கட்டவில்லை. கேட்டால், "கரையில நிண்டாத்தானே, பிள்ளை, பொம்பிளை பாக்கலாம்" என்பார். பிறந்தது இதே ஊர்தான். ஆனால் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் செத்துப்போனார்கள், அல்லது வெளிநாடு போனார்கள். எதிரே வருகிறவர்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு "குட் மோர்னிங்" சொல்வார். எங்கள் ஆட்கள், தங்களுக்குப் பின்னால் யாரோ பெரிய மனுசன் வருகிறானாக்கும் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் அப்போது மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மாற்றலாகி வந்து, ராத்தாவின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ராத்தா என்றால் அக்கா. மூதூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் மௌத்தான பிறகு அந்த ஒழுங்கை முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர். அங்கே ஒரு கோழி முட்டையிடுவதென்றாலும் ராத்தாவைக் கேட்டுவிட்டுத்தான் இடும்.

கப்பலாரின் வாழ்க்கையில் எஞ்சியிருந்த ஒரே பெருமை கொப்ளர் என்ற வெள்ளைக்காரப் பழப் பலகாரம். மாம்பழமோ அன்னாசியோ துண்டு துண்டாக வெட்டி, சீனியும் தேசிக்காய்ப்புளியும் கறுவாத்தூளும் போட்டுப் பிரட்டி, பெரிய தட்டில் பரப்புவார். அதன்மேல் மாவும் பட்டரும் பாலும் குழைத்துக் கரண்டி கரண்டியாக வைப்பார். அவண் அடுப்பில் மேல்மா சிவந்து, இடுக்குகளுக்குள்ளால் பழச்சாறு கொதித்து எட்டிப் பார்க்கும்போது இறக்குவார். அந்த அவண் அவர் படுக்கிற கட்டிலைவிடப் பெரியது. முன்னறையில் நீட்டுக்கு ஒரு மேசை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கதிரைகள். ஞாயிறு மத்தியானம் சோறு தின்ற கையோடு நாலு பேர் வந்து அந்தக் கதிரைகளில் இருந்து, கொப்ளரைச் சுடச்சுடச் சாப்பிட்டுக் கதைத்துவிட்டுப் போகவேண்டும். இந்த உலகத்திடம் அந்த மனுசன் கேட்டது அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு வீடு வீடாகப் போய் அழைத்தார். தனி மனுசன், ஒழுங்கை முழுவதையும் மத்தியானத்துக்குக் கூப்பிடுகிறார். எங்கள் ஆட்கள் வேறு என்ன நினைப்பார்கள்? செத்தவருக்கு வருசம் முடியச் செய்யும் ஆட்டைத் திவசம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். ஓட்டோ ஓடுகிற சல்லி அண்ணன் வெள்ளை வேட்டியோடு வந்தார். மனைவி பூ வைக்காமல் வந்தா. அண்ணன் மாலை போட்ட படத்தைத் தேடினார். சுவரில் கப்பல் படம் போட்ட கலண்டர் ஒன்றுதான் தொங்கியது. சரி, கடலில் போன ஆளாக்கும் என்று அதன் முன்னால் கைகட்டி நின்றுவிட்டு, மெல்லக் கேட்டார்.

"ஆருக்கு ஐயா?"

"எனக்குத்தான். வேற ஆருக்கு?"

அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. முற்றத்தில் நின்று, கொடுத்ததைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, செத்தவீட்டு வழக்கப்படி 'போட்டு வாறம்' என்று விடைபெறாமலே ஒவ்வொருவராக நழுவினார்கள். கப்பலார் கேற்றடியில் திகைத்துப்போய் நின்றார்.

"ஏன் பிள்ளை, ஒருத்தரும் சொல்லிப்போட்டுப் போகேல்லை? உப்புக் கூடிப்போச்சோ?"

விசயத்தைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இழுத்து வைத்திருந்த கதிரைகளை ஒவ்வொன்றாக மேசைக்குக் கீழே தள்ளினார். எனக்கு அது பார்க்கப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ராத்தா நேரே விசாரணைக்குப் போனார்.

"இதுக்குள்ள சாராயம் கீராயம் ஊத்தினதா?"

"கப்பல்ல ஊத்தினனான். இஞ்ச இல்லை. உங்களுக்காக எல்லாம் பாத்துத்தான் வாங்கினனான்."

"அப்ப ஒரு கோப்பையில போட்டுத் தாங்க, வீட்ட கொண்டு போறன்."

அதோடு கோப்பைகள் புறப்பட்டன. போன கோப்பை வெறுமையாகத் திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் பெரிய மானக்கேடு. வட்டிலப்பம் வந்தது, அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது, ஒரு வீட்டிலிருந்து கட்டாக் கருவாடும் வந்தது. ஆட்கள் மட்டும் வரவில்லை. இருந்த கொப்ளரையே என்ன செய்வதென்று தெரியாத மனுசன், இப்போது ஒழுங்கையின் சாப்பாடு முழுவதற்கும் நடுவில் தனியாக நின்றார். கடைசியில் சட்டம் போட்டார்.

"இனி கோப்பை கேற்றைத் தாண்டாது! டெசர்ட் எண்டால் இருந்து, சுடச்சுட, கரண்டியால சாப்பிடவேணும்."

திருகோணமலை வெயிலில், மீன்குழம்பும் சோறும் உள்ளே போன பிறகு, மனுசனுக்குத் தேவை ஒரு பாயும் ஒரு மின்விசிறியும். "பின்னேரம் தேத்தண்ணியோட வாறம் ஐயா" என்றார்கள். "பின்னேரம் அது செத்துப்போயிடும்!" என்று கத்தினார். அந்த நாட்களில் அவருடைய வாசலுக்கு ஒழுங்காக வந்த விருந்தாளி, கோட்டைப் பக்கமிருந்து வரும் ஒரு மான் மட்டும்தான். அதற்கும் அவர் கொடுக்கவில்லை.

"நிண்டுகொண்டு சாப்பிடுறவைக்கு என்ர கொப்ளர் இல்லை" என்றார். மான் கோபித்துக்கொண்டு போனது.

பிறகு பாலைப்பழக் காலம் வந்தது. திரியாய்ப் பக்கமிருந்து வந்த பழத்தைக் கப்பலார் ஆசையோடு வாங்கினார். பாலைப்பழத்தின் பால் உதட்டில் பசை மாதிரிப் பிடிக்கும் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆயுள் முழுக்க ஆப்பிளோடு வாழ்ந்தவருக்கு அது மறந்துபோயிற்று. அன்று நானும், திவசக் கதையால் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த சல்லி அண்ணனும் கதிரையில் இருந்தோம். சில கரண்டிகள் போனதும் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கதைக்க ஆள் வேண்டுமென்று தவம் கிடந்தவர், வந்த இரண்டு பேரின் வாயையும் ஒட்டிவிட்டார்! அவரோ தன் பங்கைத் தொடவே மறந்து, புயல், துறைமுகம், கப்பித்தானின் மனைவி என்று கதை கதையாக அளந்தார். நாங்கள் "ம்", "ம்ம்" என்றோம்.

"இண்டைக்குத்தான் நல்லாக் கதைச்சனாங்கள்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அண்ணன் தேங்காயெண்ணெய் போட்டு வாயைத் திறந்ததும் என்னிடம் சொன்ன முதல் வசனம், "மிஸ், இனி ஐயா கூப்பிட்டால் நான் ஹயரில போயிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்பதுதான்.

அதற்குப் பிறகு கேஸ் தட்டுப்பாடு வந்தது. அவண் குளிர்ந்துபோயிற்று. ஞாயிறு மத்தியானங்களில் கப்பலார் வெறும் மேசையின் தலைமாட்டில் இருப்பதை என் யன்னலிலிருந்து பார்ப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் தலையை மட்டும் நிமிர்த்துவார். ராத்தாவிடம் சொன்னேன். அவர் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தார்.

"எங்கட உம்மாமாரு கேஸிலயா கேக் சுட்டவங்க? கீழயும் தணல், மூடிக்கு மேலயும் தணல். சிரட்டைக்கரி நான் தாறன்."

கப்பலார் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இது எத்தினை பேருக்குக் காணும்?"

"நாலு பேருக்கு. நீங்க, நான், மிஸ், ஓட்டோக்காரர். போதாதா?"

அவருடைய முகம் இருண்டுவிட்டது. ராத்தா போன பிறகு என்னிடம் சொன்னார்.

"பெரிய தட்டெண்டால் பயமில்லை பிள்ளை. கப்பலுக்குச் செய்தது மிஞ்சிப்போச்சு எண்டு மனசைத் தேத்தலாம். நாலு பேருக்கெண்டு செய்தால், வராத ஆளின்ர பங்கு கண்ணுக்கு முன்னால கிடக்குமே."

இவ்வளவு காலமும் இந்த மனுசனுக்கு அளவு தெரியவில்லை என்றல்லவா சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு வந்தது. முற்றத்தில் ராத்தா விசிறியோடு குந்தியிருந்து, "தணல அள்ளிக் கொட்டாதீங்க, இது என்ன எஞ்சினா?" என்று ஏசி ஏசியே மாம்பழக் கொப்ளரைப் பதத்துக்குக் கொண்டுவந்தார். இறக்கும் நேரம் பார்த்துத் தோப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. தங்கையின் மகளுக்குப் பிரசவ நோவாம். ராத்தா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். சல்லி அண்ணன் விடியற்காலையிலிருந்து பெற்றோல் வரிசையில். "லைன் அசையுதில்லை மிஸ். ஐயாட்டச் சொல்லிவிடுங்கோ" என்று போனில் குரல் உடைந்து சொன்னார். இந்த முறை மெய்யாகவே வர நினைத்த மனுசன்.

நான் உள்ளே போனபோது கப்பலார் நாலு கோப்பையிலும் பரிமாறி முடித்திருந்தார். நான் தனியாக வந்ததைப் பார்த்தார்.

"கப்பலெண்டால் மிஞ்சினதைக் கடல்ல கொட்டிப்போடுவம்" என்றார். "இஞ்ச..."

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். என் பங்கைச் சாப்பிட்டேன். பிறகு ராத்தாவின் கோப்பையை என் பக்கம் இழுத்தேன். அதுவும் முடிய, அண்ணனுடையதை எடுத்தேன்.

"பிள்ளை, வயித்துக்குத் தாங்காது, விடுங்கோ!"

"ஆறமுதல் சாப்பிடவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். உங்கட கோப்பை ஆறுது, முதல்ல அதைப் பாருங்கோ."

அவர் கரண்டியை எடுத்தார். கோப்பைகள் நாலும் வெறுமையான பிறகும் வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு எனக்கு மாற்றல் வரும்வரை எந்த ஞாயிறு மத்தியானமும் நான் வேறெங்கும் போகவில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது. அதை மட்டும் அவருக்கு நான் சொல்லவேயில்லை.